செலவும் செலவழுங்கலும்

செலவு என்னுஞ் சொல்லுக்கு இக்காலத்தார் பணம் போவதையே பொருளாகக் கொள்வர். பண்டைத் தமிழரோ வழிப்பயணத்தையும் அச்சொல்லாற் குறித்தனர். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய செலவொன்றை 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் யாங்கள் மேற்கொண்டோம். உத்திரமேரூரினின்று ஜீப்பிற் புறப்பட்டு, இமயத்தின் உள்நாடாகிய லடாக்கிலுள்ள லே நகரை அடைதல் வேண்டுமென்பது என் தமையனாரது நெடுநாள் ஆவல். அவர் எம்மூரில் டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் பழைய ஜீப்பொன்றை வாங்கி, இரண்டாண்டுகளாகத் தம் கையாலேயே செப்பனிட்டு வந்தார். நண்பர் இருவர் உடன்வர இசைந்தனர். கணக்கெழுத ஒருவன் வேண்டுமென்று என்னையுஞ் சேர்த்துக்கொண்டனர். "தமிழ் படிக்கிறவனுக்கு டீசல் கணக்கு வருமா?" என்று அந்நண்பருள் ஒருவர் நகைத்தார். ஓரளவு வந்தது. எங்கே வராமற் போயிற்று என்பதையும் மறையாது கூறுவேன். இக்கட்டுரை எழுதப் புகுந்ததே அதன் பொருட்டு.

சாலை நன்றாயிருக்கும் இக்காலத்தில் நான்கு சக்கர உந்தல் எதற்கு என்று வினவுவோர் பலர். நடவுக்கு உழுத வயலில் டிராக்டர் சிக்கியதைக் கண்டோர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஒரு சக்கரம் சேற்றிற் சுழன்றுகொண்டே இருக்கும். மற்றது அசையாது நிற்கும். வண்டி வளைவில் திரும்புங்கால் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் மிகுந்த தொலைவு உருளவேண்டும். அதற்கிடந்தர அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரப் பெட்டியொன்று உளது. வளைவில் நன்மை செய்யும் அப்பெட்டியே சேற்றில் தீமை செய்கின்றது. எச்சக்கரத்துக்குப் பிடிப்பில்லையோ அதனையே சுழலவிடுகின்றது. முன்னச்சும் உந்தப்படுமாயின், பின்சக்கரம் வழுக்கினும் முன்சக்கரம் பற்றி இழுக்கும். அன்றியும் இத்தகைய வண்டியில் மற்றுமொரு தாழ்ந்த கியர் உண்டு. அதனைப் பூட்டினால் விரைவு மிகக் குறையும், இழுப்பாற்றல் பெருகும். கற்கள் கிடக்கும் ஓடையைக் கடக்கவும், செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைச் சூடேற்றாமல் இறங்கவும் உதவுவது அதுவே. உலர்ந்த தார்ச்சாலையில் இந்நான்கு சக்கரப் பூட்டைப் போட்டு ஓட்டலாகாது. வளைவில் முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு விரைவில் உருள வேண்டியிருத்தலின், இரண்டையும் பிணைத்தால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கித் தேயும். இதனையெல்லாம் எனக்குக் கற்பித்த தமையனார் ஈற்றில் ஒன்று சொன்னார்: "சாதாரண வண்டி வயலோரத்தில் சிக்கும், தம்பி; இது நடுவயலில் போய்ச் சிக்கும். அவ்வளவுதான் வேற்றுமை."

எம்மூரினின்று மணாலி வரையுள்ள ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் வழிக்குத் திட்டமென ஒன்றும் பெரிதாக வேண்டுவதில்லை. காஞ்சிபுரம், சித்தூர், கடப்பை வழியாகக் கர்நூலை அடைந்தால், அப்பால் ஐதராபாத், நாகபுரி, ஆக்ரா, டில்லி என நெடுஞ்சாலையே நம்மை ஏந்திச் செல்லும். உணவும் எண்ணெயும் பட்டறையும் யாண்டும் உள. ஆறு நாளிற் கடக்கலாம். மெய்யான செலவு மணாலிக்கு மேலேதான் தொடங்குகின்றது.

முன்னாளில் மணாலியை விட்டதும் 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதாங் கணவாயை ஏறிக் கடத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பெற்ற, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கவழி அத்தொல்லையை நீக்கிவிட்டது. சுரங்கத்தைக் கடந்து லாஹௌல் பள்ளத்தாக்கில் இறங்கினால் தாண்டி என்னும் சிற்றூர் வரும். பெயர் தமிழர் செவிக்கு வேறு பொருள் தரும், அதுவும் பொருத்தமானதே. அவ்வூர் எண்ணெய் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர்க்கு அப்பால் என்று அறிவிக்கும் பலகை பல்லாண்டுகளாக வழிச்செல்வோர் அனைவரும் அறிந்தது. அதன்பின் கேலாங், ஜிஸ்பா, தார்ச்சா; பிறகு 4,800 மீட்டருக்கு மேற்பட்ட பாரலாச்சா கணவாய்; அப்பால் சர்ச்சு என்னுங் கூடாரவெளி; காட்டா வளைவுகள் எனப்படும் இருபத்தொரு கொண்டைத் திருப்பங்கள்; 5,000 மீட்டரைக் கடந்த லாச்சுலுங் கணவாய்; பாங்; மோரே என்னும் பெருஞ்சமவெளி; 5,300 மீட்டருக்கு மேற்பட்ட தங்லாங் கணவாய்; அதன் பிறகே சிந்துவின் கரையும் லே நகரும். ஆண்டிற் பாதி நாள் பனியால் மூடிக்கிடக்கும் இச்சாலையை 1960இல் அமைக்கப்பெற்ற எல்லைச் சாலை அமைப்பினர் கோடைதோறும் வெட்டித் திறக்கின்றனர்.

இனி டீசல் கணக்கு. எம் வண்டி சமவெளியில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் ஓடும். மலையேற்றத்துக்கு 8 எனக் கொண்டேன். 365ஐ எட்டால் வகுக்க 46 லிட்டர் வந்தது. தொட்டி 60 லிட்டர் கொள்வதாகலின், வேறொன்றும் வேண்டாமென்று மகிழ்ந்து தாளைத் தமையனாரிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "போகிறதற்குக் கணக்குப் போட்டிருக்கிறாய், தம்பி. திரும்புகிறதற்கு எங்கே?" என்றார். இவ்வழியில் மண்சரிவாலோ பனியாலோ சாலை அடைபடுதல் அரிதன்று. தங்லாங் கணவாய் லேயினின்று ஏறத்தாழ 110 கிலோமீட்டர் இப்பாலுளது, தாண்டியினின்று 255. அங்குச் சென்றபின் சாலை அடைபட்டிருக்குமாயின், வந்த 255ஐயும் மீளக் கடத்தல் வேண்டும். ஆக 510 கிலோமீட்டர்; 64 லிட்டர். குளிரில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் பொழுதுக்கு 10 லிட்டர் கூட்ட 74. ஆகவே 20 லிட்டர் இரும்பு டின் ஒன்றை வண்டியின் பின்னே கட்டுவதென முடிவாயிற்று. சேரிடத்துக்குள்ள தொலைவை வைத்து எண்ணெய் கணக்கிடுவோர், இடையில் நிற்க நேராது என்று நம்பியே கணக்கிடுகின்றனர்.

மாற்றுப் பொருள்களைப் பற்றி நெடிது கூறேன். ஸ்டெப்னி இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், காற்றடிக்குங் கருவி, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய், இழுவைக் கயிறு, மண்வெட்டி, ஜாக்கியின் அடியில் வைக்கப் பலகைத்துண்டு ஒன்று; இப்பலகை இன்றேல் மணலில் ஜாக்கியே புதைந்துபோம். இவற்றைக் கட்டுங்கால் எனக்குப் புறநானூற்று ஔவையார் நினைவுக்கு வந்தார். பள்ளமும் மேடும் எதிர்ப்படும் என்றறிந்த உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் மற்றுமோர் அச்சைக் கட்டிச் சென்றனர்; அச்சேம அச்சுக்கே அதியமான் மகன் பொகுட்டெழினியை அவர் ஒப்பிட்டார். தமையனாரிடம் இதனைச் சொன்னபோது, "அந்தக் காலத்திலேயே ஸ்டெப்னி இருந்திருக்கிறது!" என்று பட்டறைக்கு வந்தோர்க்கெல்லாம் ஒருவார காலம் கூறி மகிழ்ந்தார். என் படிப்பின்மேல் அவருக்கு மதிப்புண்டானது அன்றுதான் என எண்ணுகிறேன்.

மலைவழி ஓடைகள் தமிழ்நாட்டு ஓடைகளைப் போன்றனவல்ல. அவற்றின் நீர் மழையால் வருவதன்று. மேலேயுள்ள பனி வெயிலில் உருகி வருவது. ஆகலின் விடியலிற் கணுக்காலளவு ஓடும் நீர் பிற்பகலில் முழங்காலுக்கு மேல் பெருகிக் கற்களையும் உருட்டும். மலையினின்று நீர் இறங்கிவரச் சில நாழிகை ஆவதால், உச்சிப்பொழுதினும் அதற்குப் பிந்திய நேரமே மிகக் கொடிது. விடியுமுன் புறப்படுக என்று அனுபவமுடையோர் கூறுவது இதன்பற்றியே. கடக்குமுன் ஒருவர் கோலூன்றி நடந்து ஆழமும் அடித்தளமும் பார்த்தல் வேண்டும். பாதிச் சக்கரத்துக்கு மேல் நீரிருப்பின் காத்திருத்தலே நன்று. தாழ்ந்த கியரில், நடுவில் கியர் மாற்றாமலும் நில்லாமலும், ஒரே சீராகச் செலுத்துக. கரையேறியபின் பிரேக்கைச் சிலமுறை மெல்ல அழுத்தி ஈரத்தைப் போக்குக.

உணவிலும் உயரம் தன் கைவரிசையைக் காட்டும். கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர் 4,500 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 85 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைக் கண்டு சோறு வெந்துவிட்டதென்று எண்ணினால், பல்லில் அரிசியே அகப்படும். பிரஷர் குக்கர் இன்றிச் சோற்றை நினையாதீர். எம் அன்னையார் கட்டித்தந்த புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் இல்லையேல் யாங்கள் பாதிவழியில் மனந்தளர்ந்திருப்போம்.

இவையெல்லாம் விலைகொடுத்து வாங்கத்தக்கவை. விலைக்கு வாராதது காற்று. உத்திரமேரூர் கடல்மட்டத்துக்கு மேல் நூறு மீட்டரும் உயராதது. 5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகக் குறைதலின், ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் பிராணவாயுவும் பாதியே. உடல் இதற்குப் பழகும் தன்மையுடையது, மூச்சு ஆழமாகும், குருதி மெல்ல மாறும், ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் ஏறியபின், இன்றிரவு உறங்கும் இடம் நேற்றிரவு உறங்கிய இடத்தினும் 500 மீட்டருக்கு மேற்படலாகாது என்பது மருத்துவர் கூறும் விதி. பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதினும், இரவில் எங்கே படுத்தோம் என்பதே பெரிது. இவ்விதியைக் கொண்டு மணாலி வழியை அளந்தால் அதன் வஞ்சனை தெரியும். ஜிஸ்பா 3,200 மீட்டர். அடுத்த தங்குமிடமாகிய சர்ச்சு 4,290. இடையிலே தங்குதற்குத் தக்க ஊரில்லை. அதனினும் கொடிது ஒன்றுண்டு. உயரத்தால் நோயுற்றவனுக்குத் தலையாய மருந்து கீழே இறங்குதல். சர்ச்சுவிலிருந்தோ எப்பக்கம் இறங்க வேண்டினும் முதலில் ஏறியாகல் வேண்டும்; பின்னே பாரலாச்சா, முன்னே லாச்சுலுங். அது கிணற்றடி போன்றதோர் இடம்.

ஆகவே யான் வகுத்த திட்டத்தில், ஜிஸ்பாவில் மூன்று இரவு தங்கி உடலைப் பழக்கி, நாலாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, சர்ச்சுவில் உறங்காமல் ஒரே பகலில் லேயை அடைதல் என்று எழுதியிருந்தேன். லே 3,500 மீட்டரே. இதனினும் நல்ல வழியும் உண்டு. சீநகரினின்று கார்கில் வழியாகச் செல்லுஞ் சாலை 3,528 மீட்டருள்ள சோஜி கணவாயைக் கடந்து, 2,700 மீட்டரும் உயராத கார்கிலில் உறங்கவிட்டு, பிறகே மேலேற்றும். ஊர்களும் எண்ணெய் நிலையங்களும் இடையிடையே உள. அவ்வழியே சென்று மணாலி வழியே திரும்புவோர்க்கு உடல் பழகிய பின்னரே இவ்வுயர்ந்த கணவாய்கள் எதிர்ப்படும். இதனை யான் கூறியபோது, மணாலி வழியே ஏறுவதே வீரம் என்று மூவரும் ஒருமுகமாகக் கூறினர். வீரத்துக்கும் வழிக்கும் என்ன தொடர்போ, அறியேன்.

வீட்டில் விட்டுச் செல்லவேண்டுவது ஒன்றுண்டு. ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலையில் கேனிங் ஸ்டாக் ரூட் என்னும் பழைய மாட்டுவழி ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீண்டு கிடக்கின்றது. அவ்வழிச் செல்லும் வண்டிக்காரர் தமக்கு வேண்டிய எண்ணெயை இடையிலுள்ள குடியிருப்பில் கிடைக்குமாறு முன்னரே ஏற்பாடு செய்துகொள்வர். இன்ன நாளில் இன்ன இடத்தில் இருப்போம் என்று நம்பத்தக்க ஒருவரிடம் எழுதிக்கொடுத்துச் செல்வர். வண்டி பழுதாயின் அதனைவிட்டு நடந்து போகார். வண்டி நிழல் தரும்; தேடி வருவோர் கண்ணுக்கும் எளிதிற் புலப்படும். அவ்வழியை 1906, 1907ஆம் ஆண்டுகளில் அளந்து கண்ட ஆல்ஃபிரட் கேனிங் என்பவர், நீருள்ள இடங்களைக் காட்டுமாறு அந்நிலத்துத் தொல்குடியினரைச் சங்கிலியிற் பிணைத்து அழைத்துச் சென்றார். 1908இல் அரசு இதுபற்றி விசாரணையே நடத்தியது. நம் ஆற்றுப்படை நூல்களில் முன்சென்று வந்தவன் எதிர்ப்பட்டவனுக்குத் தானே வலிந்து வழி கூறுகின்றான். பெரும்பாணாற்றுப்படை எம் காஞ்சிக்கு வழிகாட்டுவது. மலைபடுகடாம் நன்னனது மலைநாட்டில் வழுக்கும் இடம், பாம்பு கிடக்கும் இடம் எனத் தீங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது. நீர் எங்கே என்று கேட்பதற்குச் சங்கிலியும் வேண்டுமோ என்று நினைத்து மனம் வருந்திற்று.

ஆஸ்திரேலியர் முறையைப் பின்பற்றி, இரவுதோறும் தங்குமிடங்கள் எழுதிய தாளொன்றை அன்னையாரிடம் கொடுத்தேன். அவர் அதனை அரிசி டின்னின் மேல் ஒட்டிவைத்தார். தார்ச்சாவுக்கு மேல் பெரும்பகுதியில் தொலைபேசி பேசாது. ஜிஸ்பாவை விட்டு நாற்பத்தெட்டு மணி நேரத்துள் யாங்கள் பேசாவிடின் மாமா கேலாங் காவல் நிலையத்துக்குச் செய்தி சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு.

இவ்வளவும் எழுதிய யான் எழுதாது விட்டது ஒன்று. நாகபுரிக்கருகில் ரேடியேட்டர் ஒழுகியது. ஒன்றரை நாள் கழிந்தது. நண்பருள் ஒருவர் குறித்த நாளில் வேலைக்குத் திரும்பவேண்டியவர். ஜிஸ்பாவின் மூன்று இரவை ஒன்றாக்கினால் ஈடாகிவிடும் என்றனர். பென்சிலால் எழுதியதாகலின் அழித்தல் எளிதாயிருந்தது. அழித்தது என் கையே.

மறுநாள் நான்கு மணிக்கே புறப்பட்டோம். பாரலாச்சாவுக்கு இப்பால் சிங்சிங்பார் என்னுமிடத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டிருந்தது. இயந்திரங்கள் அதனை விலக்கப் பிற்பகல் இரண்டரை ஆயிற்று. அப்பொழுது திரும்பியிருந்தால் பொழுது சாயுமுன் ஜிஸ்பாவிற் படுத்திருக்கலாம். அத்தனை வண்டிகளும் முன்னே சென்றன, யாங்களும் சென்றோம். இருட்டும் வேளையில் சர்ச்சுவிற் கூடாரம் புகுந்தோம்.

என்னை நகைத்த அந்நண்பர் எங்களுள் வலிமை மிக்கவர். உத்திரமேரூர் ஏரியை நிறைநீரில் நீந்திக் கடப்பவர். உடல் வலிமை இந்நோய்க்குத் தடையன்று. இரவு எட்டு மணிக்குத் தலைவலி என்றார். பத்து மணிக்கு வாந்தியெடுத்தார். நள்ளிரவில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடுமாறு நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நான்காம் அடியிற் சாய்ந்தார். குடிகாரன் போல் தள்ளாடுதல் மூளையில் நீர் கோத்ததன் அறிகுறி என்று படித்திருந்தேன். விடியட்டும், பார்ப்போம் என்று மற்றவர் கூறினர். தமையனார் என் முகத்தைப் பார்த்தார். "விடியக்கூடாது, அண்ணா" என்றேன்.

கூடாரத்தார் சிறிய பிராணவாயு உருளையொன்று தந்தனர். ஒரு மணிக்குப் புறப்பட்டு மீண்டும் பாரலாச்சா ஏறினோம். பகலில் அச்சுறுத்திய ஓடைகள் அந்நேரத்தில் அடங்கிக் கிடந்தன. உருளை கணவாயின் மேலேயே தீர்ந்துபோயிற்று. அங்கிருந்து தார்ச்சா வரை அவர் தலையை மடியிற் கிடத்தி, அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிலபோது மறுமொழி வந்தது, சிலபோது வரவில்லை. ஜிஸ்பா வந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. அவர் தாமே எழுந்து உட்கார்ந்து, "டீ கிடைக்குமா?" என்றார். தமையனார் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் தலைவைத்துச் சற்றுநேரம் அழுதார். பிறகு கேலாங் மருத்துவமனைக்குச் சென்றோம். இரண்டு நாள் அங்கிருந்து, மணாலி திரும்பி, ஊர் வந்து சேர்ந்தோம். லேயை யாங்கள் பார்க்கவில்லை.

பிரியப் புறப்பட்ட தலைவன் இடையில் நின்றுவிடுவதைச் செலவழுங்கல் என்பர் அகப்பொருள் நூலார். அது பயணத்தைக் கைவிட்டதாகாது. உடனிருப்பவளைத் தேற்றும் பொருட்டே அவ்வாறு நிற்கின்றான் என்பது தொல்காப்பியர் கருத்து. பாடமாக அதனைப் படித்தபோது வெறும் துறையென்றே கொண்டேன். இன்ன நேரத்துள் பாரலாச்சாவைக் கடக்காவிடின் மீள்க, இன்ன குறி கண்டால் இறங்குக என்பனவற்றை ஊரிலே, தெளிந்த மூச்சோடிருக்கும்போது எழுதிக்கொள்ளுதல் வேண்டும். மேலே சென்றபின் காற்றுக் குறைந்த மூளை எழுதும் தீர்ப்பு நம்பத்தக்கதன்று. அங்கே வெட்கமும் கூடநின்று பேசும்.

திறவாத 20 லிட்டர் டின் டீசலைத் தமையனார் பட்டறைக்கு வந்த டிராக்டரொன்றில் ஊற்றினார். புதிய திட்டமொன்று எழுதியிருக்கிறேன். சீநகர் வழியே செல்வது. கார்கிலில் இரண்டு இரவு, லேயில் மூன்று இரவு. இம்முறை மையால் எழுதியிருக்கிறேன். நண்பர் தாமும் வருவதாகக் கூறுகிறார். அவர் அன்னையார் இன்னும் இசையவில்லை.